மூஸ் வேட்டை: அலாஸ்காவா, யூகானா, வட பிரிட்டிஷ் கொலம்பியாவா, நியூஃபவுண்ட்லாந்தா?

மான் இனங்களிலேயே பெரியதான மூஸை வேட்டையாட, வழிகாட்டியோடு போகப் பணம் சேர்ப்பவர்கள் முதலில் கேட்பது, ‘எங்கே போனால் பெரிய கொம்பு கிடைக்கும்?’ என்பதுதான். விடை எல்லோரும் அறிந்தது. அலாஸ்காவிலும் அதை ஒட்டிய கனடியப் பிரதேசமான யூகானிலும் திரியும் மூஸ்தான் உலகிலேயே பெரிது. முற்றிய ஆண் 700 கிலோவைத் தொடும். கொம்பு ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை 60 அங்குலத்தைத் தாண்டி விரிந்திருப்பதும் உண்டு. இந்த ஒரு விடையை நம்பி முப்பதாயிரம் டாலர் கட்டிவிட்டு மனம் கசந்து திரும்பியவர்களை நான் அறிவேன். அவர்கள் போன இடத்தில் குறையில்லை, ஏற்பாட்டில்தான் குறை.

ஆகவே நான் இந்த இடங்களை இரண்டு விஷயங்களை வைத்து எடைபோடுகிறேன். நீங்கள் வேட்டையாடும் காட்டுக்கு யார் பொறுப்பு என்பது ஒன்று. சுட்ட மிருகத்தின் இறைச்சி அங்கிருந்து எப்படி வெளியே வரும் என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் தெளிவான பதில் இருக்கும் இடத்தில் நல்ல கொம்பும் பெரும்பாலும் அமைந்துவிடுகிறது.

முதலில் சட்டம், ஏனென்றால் பலருக்குத் தேர்வு அங்கேயே பாதி முடிந்துவிடுகிறது. அலாஸ்காவில் வெளிமாநில அமெரிக்கக் குடிமக்கள் மூஸ் வேட்டைக்கு வழிகாட்டி இல்லாமலே போகலாம். பழுப்புக் கரடி, டால் செம்மறி என்ற வெள்ளைக் காட்டுச் செம்மறி, மலையாடு ஆகிய மூன்றுக்குத்தான் அவர்களுக்கு வழிகாட்டி கட்டாயம். ஆனால் அமெரிக்கக் குடிமகனாகவும் இல்லாமல், அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியிருக்கவும் செய்யாதவர் எந்தப் பெருவிலங்கை வேட்டையாடினாலும் உரிமம் பெற்ற வழிகாட்டி உடன் இருந்தாக வேண்டும். டொரான்டோவிலோ எட்மன்டனிலோ இருக்கும் நம்மவர்கள் கனடியக் கடவுச்சீட்டோடு அலாஸ்கா போனால் இந்த வரிசையில்தான் நிற்பார்கள். கனடாவுக்குள் நிலைமை வேறு. யூகானிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் வெளிநாட்டவருக்கு உள்ளூர் வேட்டை ஏற்பாட்டாளர், அதாவது அவுட்ஃபிட்டர், பொதுவாகக் கட்டாயம். அதே இடங்களில், வேறு மாகாணத்தில் வாழும் கனடியருக்கு அங்கே குடியிருக்கும் நண்பரோ உறவினரோ இருந்தால், அவர் தனி அனுமதி பெற்றுக் கூலி வாங்காமல் அழைத்துப் போகலாம். யூகானின் தலைநகரான வைட்ஹார்ஸில் வேட்டை தெரிந்த நண்பர் ஒருவர் இருந்தால் இருபதாயிரம் டாலர் மிச்சம். இந்த வழியைப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை.

இனி நிலத்துக்கு வருவோம். அலாஸ்காவில் ஒரு காலத்தில் ஒவ்வொரு வழிகாட்டிக்கும் தனிப் பகுதி ஒதுக்கப்பட்டிருந்தது. வேறு வழிகாட்டி அதற்குள் தொழில் செய்ய முடியாது. 1988இல் ஓசிசெக் வழக்கில் அலாஸ்கா உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை ரத்து செய்தது. வனவிலங்கு மக்கள் அனைவருக்கும் பொது என்று மாநில அரசியலமைப்பு சொல்வதால், ஒருவருக்கு மட்டும் அதில் தனியுரிமை தர முடியாது என்பது தீர்ப்பு. கொள்கையாகப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் களத்தில் நடந்தது என்ன? மாநில நிலத்தில் ஒரே ஆற்றங்கரையில் இரண்டு மூன்று வழிகாட்டிகள், ஆட்களை இறக்கிவிட்டு மட்டும் போகும் விமானக்காரர்கள், சொந்தப் படகில் வரும் உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் கூடிவிட முடிகிறது. ‘இந்த ஆணை நான் விட்டுவைத்தாலும் நாளை அடுத்த முகாம்காரன் சுட்டுவிடுவான்’ என்று ஒரு வழிகாட்டி நினைத்துவிட்டால், எந்த ஆணும் கிழப்பருவம் எய்தாது. கொம்பு முழுவதுமாக விரிய ஒரு மூஸுக்குப் பத்து வயது ஆக வேண்டும்.

அதனால் அலாஸ்கா என்றால் நான் முதலில் கேட்பது, ‘உங்கள் முகாம் மாநில நிலத்திலா, கூட்டாட்சி வனவிலங்குப் புகலிடத்திலா?’ என்பதுதான். புகலிடங்களில் வழிகாட்டி அனுமதி போட்டி முறையில் தரப்படுகிறது. பொதுவாக ஒரு பகுதிக்கு ஒரே வழிகாட்டி. அங்கே தொழில் செய்பவருக்கு அடுத்த ஆண்டைப் பற்றிய அக்கறை இருக்கும். ஒரு விஷயத்தை மட்டும் மறக்கக் கூடாது. 1980ஆம் ஆண்டின் அலாஸ்கா நிலச் சட்டப்படி, கூட்டாட்சி நிலத்தில் பிழைப்புக்காக வேட்டையாடும் கிராமப்புற மக்களுக்கே முதலுரிமை. விலங்கு குறைந்தால் வெளியாருக்கு மூடப்படும். அது சரியான ஏற்பாடு என்றே நான் நினைக்கிறேன். அந்த மக்களுக்கு மூஸ் என்பது குளிர்கால உணவு.

அலாஸ்காவின் இன்னொரு விதி வெளியாரைத் திணறடிப்பது. பெரும்பாலான பகுதிகளில் வெளியார் சுடும் ஆணின் கொம்பு 50 அங்குலம் விரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் முகத்துக்கு மேலே முன்னோக்கி நீளும் நெற்றிக் கிளைகள் ஒரு பக்கத்தில் நான்காவது இருக்க வேண்டும். சில பகுதிகளில் மூன்று போதும். 300 மீட்டர் தூரத்தில், ஆல்டர் புதருக்குள் தலையைப் பாதி மறைத்து நிற்கும் மிருகத்துக்கு 48 அங்குலமா 51 அங்குலமா என்று சொல்வது மிகக் கடினம். நல்ல வழிகாட்டி அகலத்தை அளக்க முயல மாட்டார். மிருகம் முகத்தை நேராகத் திருப்பும்வரை காத்திருந்து நெற்றிக் கிளைகளை எண்ணுவார். எண்ண முடியவில்லை என்றால் சுடச் சொல்ல மாட்டார். அளவு குறைந்தால் அபராதமும் உண்டு, கொம்பும் பறிபோகும், இறைச்சியும் போகும். அங்கே வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி அந்தக் கண்ணுக்குத்தான். இன்னொன்று: விமானத்தில் வந்திறங்கிய நாளில் வேட்டை இல்லை, மறுநாள் அதிகாலை 3 மணிக்குப் பிறகுதான் துப்பாக்கியைத் தொடலாம். ஏழு நாள் என்று விற்கப்படும் பயணத்தில் வேட்டைக்கு உண்மையில் எத்தனை நாள் எஞ்சும் என்பதை இந்த விதியோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

யூகானின் கதை வேறு. அந்தப் பிரதேசத்தின் பெரும்பகுதி சுமார் இருபது வேட்டைப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஒரே அவுட்ஃபிட்டரிடம் விடப்பட்டிருக்கிறது. உள்ளூர் மக்கள் அதற்குள் தாராளமாக வேட்டையாடலாம். வெளியாரைக் கூலிக்கு அழைத்துப் போகும் உரிமை மட்டும் அந்த ஒருவருக்கே. ஒரு பகுதியின் பரப்பு ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர். தந்தையிடமிருந்து மகளோ மகனோ ஏற்று நடத்தும் இடங்களும் உண்டு. இந்தப் பள்ளத்தாக்கில் போன ஆண்டு இரண்டு எடுத்தோம், இந்த ஆண்டு அதைத் தொட வேண்டாம் என்று முடிவெடுக்க அவரால் முடியும். எனக்கு யூகான் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் இதுதான். மனிதர்களைவிட மூஸ் அதிகம் இருக்கும் நாடு அது என்பது இரண்டாவது.

யூகானில் மூஸ் பருவம் ஆகஸ்ட் 1 முதல் அக்டோபர் 31 வரை. ஆகஸ்டில் கொம்பின் மேல் மென்தோல் இருக்கும். மாத இறுதியில் மரத்தில் தேய்த்து உரித்துவிடும். அப்போது ஆண் மூஸ்கள் மரக்கோட்டுக்கு, அதாவது மரங்கள் வளரும் எல்லைக்கு, மேலே குளிர்ந்த சரிவுகளில் கொழுத்துக் கிடக்கும். தொலைநோக்கியால் தேடிக் கண்டுபிடித்து, காற்றுத் திசை பார்த்து ஊர்ந்து நெருங்கும் வேட்டை அது. இறைச்சி மிகச் சுவையாக இருப்பதும் அப்போதுதான். செப்டம்பர் கடைசி வாரமும் அக்டோபர் முதல் வாரமும் இணைசேரும் பருவத்தின் உச்சம். எல்லோரும் கேட்டு வாங்கும் வாரங்கள் அவை. விலையும் அதிகம், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே நிரம்பிவிடும்.

அந்த வாரங்களுக்கு ஏன் அத்தனை போட்டி என்பதைக் காதால் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். பனி படிந்த விடியலில் வழிகாட்டி ஒரு குன்றின் முனையில் நின்று, பூர்ச்சப் பட்டையைச் சுருட்டிய கூம்பை வாயில் வைத்துப் பெண் மூஸ் போல நீளமாக முனகுகிறார். பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. அவர் பையிலிருந்து பழைய தோள்பட்டை எலும்பு ஒன்றை எடுத்து வில்லோ புதரில் கரகரவென்று தேய்க்கிறார். இன்னொரு ஆண் கொம்பை உரசும் ஓசை அது. பள்ளத்தாக்கின் அந்தப் பக்கத்திலிருந்து ‘உக்’ என்று ஒற்றைச் சத்தம். சில நிமிடம் கழித்து, அதைவிட நெருக்கத்தில், மறுபடியும் ‘உக்’. கண்ணுக்கு முதலில் தெரிவது மிருகம் அல்ல. ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு நடுவே இடமும் வலமும் அசையும் வெளுத்த கொம்புப் பலகை. எதிரி எங்கே என்று காட்டச் சொல்வது போல அது தன் கொம்பைத் திருப்பித் திருப்பிக் காட்டியபடி, கால்களை விறைப்பாக எடுத்துவைத்து வரும். அதற்குக் கண்பார்வை மந்தம். காதும் மூக்கும் அபாரம். காற்று ஒரு நொடி பின்னங்கழுத்தில் பட்டால் போதும், எல்லாம் முடிந்துவிடும். இந்த அனுபவத்துக்காக ஒருவர் பணம் சேர்க்கிறார் என்றால் அவரை நான் முழு மனதோடு புரிந்துகொள்கிறேன்.

ஆனால் அதே வாரங்களில் ஆண்கள் ஏறக்குறைய உணவையே விட்டுவிடுகின்றன, கொழுப்பு கரைகிறது. அக்டோபர் நடுப்பகுதி தாண்டினால் முற்றிய ஆணின் இறைச்சியில் மதவாடை ஏறியிருக்கும். கொம்போடு இறைச்சியையும் மதிப்பவர் செப்டம்பர் நடுவில் போவதே நல்லது. கூப்பிட்டால் பதில் வரத் தொடங்கும் காலம் அது. விலங்கும் இன்னும் மெலிந்திருக்காது. விலையும் சற்றுக் குறையும்.

இறைச்சிக் கணக்கை இங்கே சொல்லிவிட வேண்டும். 1,600 பவுண்டு எடையுள்ள ஆணிலிருந்து சுமார் 500 பவுண்டு இறைச்சி வரும் என்பது அலாஸ்கா வனவிலங்குத் துறையின் கணக்கு. அதாவது 225 கிலோவுக்கு மேல், எலும்பு நீக்கியே. அதைச் சதுப்பிலும் புதரிலும் மனித முதுகில் சுமக்க வேண்டுமென்றால் ஒரு மைல் தூரமே பெரும்பாடு. அலாஸ்காவில் கழுத்து, விலா, மார்பு உட்பட உண்ணத் தகுந்த இறைச்சி முழுவதையும் எடுத்தாக வேண்டும். கொம்பு கடைசிச் சுமையோடுதான் வெளியேறலாம். சில பகுதிகளில் எலும்போடுதான் கொண்டுவர வேண்டும். மீறுவது குற்றம். செப்டம்பரில் பகல் வெயில் 15 டிகிரியைத் தொட்டால், தோலை உடனே உரித்துக் காற்றுப்பட வைக்காத தொடை, இடுப்பு மூட்டை ஒட்டி உள்ளேயிருந்து புளித்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. குடலையும் இறைச்சியையும் ஒரே இடத்தில் போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் கிரிஸ்லி கரடி அதற்குச் சொந்தம் கொண்டாடும்.

போக்குவரத்தை வைத்து ஏற்பாட்டாளரை அளக்கச் சொல்வது இதனால்தான். ஆற்றில் ஜெட் படகோடு இயங்கும் முகாமில் இறைச்சி அன்றே குளிர்ந்த நிழலுக்கு வந்துவிடும்; ஆனால் படகு போகிற ஆற்றில் மற்றவர்களின் படகும் போகும். யூகானிலும் வட பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் இன்றும் பொதிக்குதிரைகளோடு நடத்தும் குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு மூஸுக்கு மூன்று நான்கு குதிரைகள் வேண்டும். மெதுவான வேட்டை, சேணத்தில் பழக்கமில்லாதவருக்கு முழங்கால் வலிக்கும். ஆனால் விமானம் இறங்க ஏரியோ மணல்திட்டோ இல்லாத உள்பள்ளத்தாக்குகளுக்குப் போய், இறைச்சியோடு திரும்பி வர அதைவிட நல்ல வழியை நான் பார்க்கவில்லை. பருத்த சக்கரம் பூட்டிய சூப்பர் கப் விமானம் ஆற்று மணல்திட்டில் இறங்கும் திறனுக்குப் பெயர் பெற்றது. விமானியைத் தவிர ஒருவருக்குத்தான் அதில் இடம். நீங்கள், உங்கள் சாமான், வழிகாட்டி, பிறகு இறைச்சி, கடைசியாகக் கொம்பு என்று தனித்தனி நடைகள். மேகம் இறங்கிவிட்டால் எல்லாம் நிற்கும். மிதவை பூட்டிய பீவர் விமானம் அதிகம் சுமக்கும். அதற்கு ஏரி வேண்டும். ‘வானிலை கெட்டு நான்கு நாள் விமானம் வராவிட்டால் இறைச்சியை என்ன செய்வீர்கள்?’ என்று கேளுங்கள். நிழலில் கம்பம் கட்டித் தொங்கவிடுவது, மேலே தார்ப்பாய், சுற்றிலும் காற்றோட்டம், முகாமிலிருந்து தள்ளி வைப்பது என்று தடுமாறாமல் சொல்பவர் தொழில் தெரிந்தவர்.

வடமேற்குப் பிரதேசத்தின் மெக்கென்சி மலைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். நார்மன் வெல்ஸிலிருந்து பறந்து போக வேண்டிய, சாலையே இல்லாத நாடு. எட்டு அவுட்ஃபிட்டர் பகுதிகள். இங்கும் அதே பெரிய இனம்தான். இங்கே வருவோரில் பலர் டால் செம்மறிக்காக வருகிறார்கள். மூஸ் மட்டும் போதும் என்பவருக்கு, அதே பணத்துக்கு யூகானே வசதி.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடக்கைப் பலர் இரண்டாந்தரமாகப் பேசுகிறார்கள். அது தவறு. யூகானுக்கும் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கும் எல்லை 60ஆவது அட்சக்கோடு. வேட்டைச் சாதனைகளைப் பதிவுசெய்யும் அமெரிக்க அமைப்பான பூன் அண்ட் கிராக்கெட் சங்கத்தின் பதிவேட்டில் அந்தக் கோட்டுக்கு வடக்கே சுட்டது ‘அலாஸ்கா-யூகான் மூஸ்’. தெற்கே சுட்டது ‘கனடா மூஸ்’. கொம்பை அளந்து புள்ளி போடுவார்கள். நிரந்தரப் பட்டியலில் இடம்பெற முதலாவதற்கு 224 புள்ளி வேண்டும். இரண்டாவதற்கு 195 போதும். அட்லின் ஏரிப் பக்கம் ஒரு மூஸ் காலையில் இந்தக் கோட்டைக் கடந்து தெற்கே மேயப் போனால் அதன் வகையே மாறிவிடுகிறது. பதிவேட்டில் பெயர் வர ஆசைப்படுபவருக்கு இது முக்கியமான செய்தி. கனடா மூஸின் உலகச் சாதனையான 242 புள்ளி, 1980இல் இதே மாகாணத்தின் கிரேலிங் ஆற்றுப் பகுதியில் கிடைத்ததுதான். அட்லின், காசியார் மலைகள், ஸ்பாட்சிசி, மஸ்க்வா-கெச்சிகா ஆகியவை பேர்போன இடங்கள். யூகானைப் போலவே இங்கும் வழிகாட்டிகளுக்குத் தனிப் பகுதி உண்டு. விலை பொதுவாக யூகானைவிடக் குறைவு.

இங்கே நான் எச்சரிக்க வேண்டியது வேறு. மாகாணத்தின் நடுப்பகுதியில், பைன் வண்டு தாக்கிய காடுகளை வெட்டியெடுக்கப் போட்ட சாலைகளுக்குப் பிறகு மூஸ் வெகுவாகக் குறைந்தது. வடகிழக்கில், புளூபெரி ரிவர் பூர்வகுடி மக்களின் ஒப்பந்த உரிமைகளை மாகாண அரசு மீறிவிட்டது என்று 2021இல் யாஹி வழக்கில் தீர்ப்பு வந்தது. அதையடுத்து 2022இல் அதே வடகிழக்கின் பீஸ் பகுதியில் உரிமம் பெற்றோரின் மூஸ் வேட்டை பாதியாகக் குறைக்கப்பட்டது. வடமேற்கில் டால்டான் பூர்வகுடி மக்களும் தங்கள் நிலத்தில் வந்து குவியும் வேட்டைக்காரர்களைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவருகிறார்கள். எனவே இங்கே ஏற்பாடு செய்யும்முன், அவுட்ஃபிட்டருக்கும் அந்த மண்ணின் மக்களுக்கும் உறவு எப்படி என்று விசாரியுங்கள். அவர்களில் ஒருவரே வழிகாட்டியாக வரும் முகாம் கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தாவது அதை எடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோக முடியாத இறைச்சி யாருக்குப் போகிறது என்பதிலும் அந்த உறவு தெரிந்துவிடும். நல்ல அவுட்ஃபிட்டர்கள் அதை அருகிலுள்ள கிராமங்களின் முதியோருக்கு ஒழுங்காகச் சேர்க்கிறார்கள்.

கனடாவின் கிழக்கு ஓரத்துத் தீவான நியூஃபவுண்ட்லாந்து இந்தப் பட்டியலில் தனி ரகம். அந்தத் தீவில் மூஸ் பூர்வீகமாக இருந்ததில்லை. 1878இல் ஒரு ஜோடியும், 1904இல் நியூ பிரன்ஸ்விக்கிலிருந்து நான்கும் கொண்டுவந்து விடப்பட்டன. 1930 வாக்கில் தீவின் ஓநாய் அற்றுப்போனது. இன்று ஒரு லட்சத்துக்கும் மேல் மூஸ். காடு மீண்டும் முளைக்கவே விடாமல் மேய்கின்றன. இரவில் சாலையில் ஆட்களைக் கொல்கின்றன. வேட்டையால் அவற்றைக் குறைப்பது அங்கே தேவையான வேலை. கட்டணம் அலாஸ்காவின் மூன்றில் ஒரு பங்கு, சில முகாம்களில் அதைவிடவும் குறைவு. விலங்கு கிடைக்கும் வாய்ப்பு மிக அதிகம். ஆனால் கிழக்கத்திய இனம் சிறியது. 40 அங்குலக் கொம்பு வந்தால் மகிழ வேண்டும். பல முகாம்களில் இரண்டு வேட்டைக்காரருக்கு ஒரு வழிகாட்டி என்பதையும் கவனியுங்கள். தனி வழிகாட்டி வேண்டுமென்றால் முன்பே சொல்லிக் கூடுதலாகக் கட்ட வேண்டும்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. விளம்பரத்தில் இருக்கும் தொகை முழுத் தொகை அல்ல. உரிமமும் டேக்கும் (சுட்ட விலங்கில் கட்ட வேண்டிய அனுமதிச் சீட்டு), சிறு விமானக் கட்டணம், வழிகாட்டிக்கும் சமையல்காரருக்கும் அன்பளிப்பு, இறைச்சியைப் பதப்படுத்தி அனுப்புவது, கொம்பைப் பெட்டியில் கட்டி அனுப்புவது, எல்லையில் துப்பாக்கிப் படிவங்கள் என்று எல்லாம் சேர்ந்து பல ஆயிரம் டாலர் ஏறிவிடும். அலாஸ்காவுக்கும் யூகானுக்கும் கையில் முப்பதாயிரம் அமெரிக்க டாலராவது இல்லாமல் கிளம்ப வேண்டாம் என்றே நான் சொல்வேன்.

என் முடிவு இது. இதுவரை பெருவிலங்கு வேட்டைக்கே போகாதவர் நியூஃபவுண்ட்லாந்துக்குப் போகட்டும். பெரிய மிருகத்தைக் கூறுபோட்டுச் சுமப்பது எப்படி என்று கற்றுக்கொள்வார், நிறைய இறைச்சியோடும் திரும்புவார். ஒரே ஒரு முறைதான் போக முடியும், உடலில் வலு இருக்கிறது, பணமும் இருக்கிறது என்பவருக்கு யூகான், செப்டம்பர் நடுவில், குதிரை முகாம். பணம் சற்றுக் குறைவு, ஆனால் அதே மலைநாடு வேண்டும் என்பவருக்கு அட்லின், காசியார் பக்கம். அலாஸ்காவை அமெரிக்கக் குடிமக்களுக்குச் சொல்வேன். மற்றவர்கள் புகலிட நிலத்தில் தனி அனுமதி பெற்ற வழிகாட்டி கிடைத்தால் மட்டும் போகலாம்.

அவுட்ஃபிட்டரிடம் பேசும்போது, வேட்டை கிடைத்தவர்களின் தொலைபேசி எண்களோடு, வெறுங்கையோடு திரும்பியவர்களின் எண்களையும் கேட்டு வாங்குங்கள். பத்து நாள் மழையில் உட்கார்ந்தும் மூஸ் கிடைக்காத ஒருவர் அதே வழிகாட்டியோடு மறுபடியும் போகத் தயார் என்று சொன்னால், முன்பணத்தை அன்றே அனுப்பலாம்.